யூவி-5ஆர் கைக்கருவியில் சிர்ப் மென்பொருள் வழியாகச் சேனல்களைப் பதிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். அண்மையில் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்ற நான், பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற வாக்கி-டாக்கி கருவியில் பொத்தான்களை அழுத்தி ஒவ்வொரு சேனலாகப் பதிவது சலிப்பூட்டியதால், விண்டோஸ் 11 மடிக்கணினியில் சிர்ப் மென்பொருளை நிறுவி, கேபிள் வாங்கி இணைத்தேன். கருவி பதிலளிக்கவில்லை என்ற பிழைச்செய்தியே வருகிறது. நண்பர் ஒருவர் தம் கருவியிலிருந்து எடுத்த இமேஜ் கோப்பை (கருவியின் நினைவகத்தின் முழு நகலை) அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே என் கருவியில் ஏற்றலாமா? பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (ஒரு அலைவெண்ணில் பெறுவதை இன்னொன்றில் மறுபடி அனுப்பும் கருவி) வழியாகப் பேச வேண்டும் என்பதே என் முதல் ஆசை.

மறுமொழி 1:
முதலில் பிளக்கைப் பாருங்கள் ஓ.எம். (ஹாம் நண்பரே). இரட்டை முனைப் பிளக் முழுமையாக இறங்காமல் நின்றுவிடுவது மிகச் சாதாரணம். நன்றாக அழுத்திச் செருகுங்கள். அதன் பிறகும் அதே செய்தி வந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில், கணினியையும் கருவியையும் இணைக்கும் பிஎல்2303 சில்லின் போலியோ, உற்பத்தி நின்றுபோன பழைய வகையோ இருக்கும். புதிய டிரைவர் இவற்றை ஏற்காது. 3.2.0.0 என்ற பழைய டிரைவருக்கு மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யும். எஃப்டிடிஐ நிறுவனச் சில்லுள்ள கேபிளில் இந்தத் தொல்லையே இல்லை.

நண்பரின் கோப்பை நேரடியாக ஏற்ற வேண்டாம். இமேஜ் கோப்பில் சேனல்களோடு, அந்தக் கருவிக்கும் அதன் ஃபர்ம்வேருக்கும் (உள்ளமைந்த மென்பொருளுக்கும்) உரிய அமைப்புகளும் அடங்கியிருக்கும். உங்கள் கருவியை முதலில் படித்து, வந்த கோப்பில் எதையும் மாற்றாமல் தனியாகச் சேமித்து வையுங்கள். பிறகு நண்பரின் கோப்பை வேறொரு தாவலில் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் நகலெடுத்து உங்கள் தாவலில் ஒட்டி, அதைக் கருவிக்கு ஏற்றுங்கள்.

மறுமொழி 2:
விண்வெளி நிலையத்துக்கு ஒரு சேனல் போதாது. நிலையம் 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினாலும், டாப்ளர் விளைவால் அது நெருங்கும்போது அலைவெண் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் கூடியும், விலகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும். ஆகவே 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து சேனல்களை அடுத்தடுத்துப் பதிந்து, நிலையம் வானைக் கடக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஐந்திலும், அனுப்பும் அலைவெண் பெறும் அலைவெண்ணிலிருந்து எப்படி வேறுபடும் என்பதைக் குறிக்கும் டூப்ளெக்ஸ் பத்தியில் ‘ஸ்ப்ளிட்’ என்பதைத் தேர்ந்து, ஆஃப்செட் பத்தியில் அனுப்பும் அலைவெண்ணான 145.990-ஐ இட்டு, ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனையும் சேருங்கள். அனுப்பும் பக்கம் 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவெண்களில்) இருப்பதால் அங்கே டாப்ளர் மாற்றம் சிறியது, திருத்தத் தேவையில்லை. ரிப்பீட்டர் எப்போதும் இயக்கத்தில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு ஒன்று. டோன் மோடு பத்தியில் ‘டோன்’ என்பதையே தேருங்கள், ‘டிஎஸ்க்யூஎல்’ வேண்டாம். பின்னதைத் தேர்ந்தால், எதிர்முனையிலிருந்தும் அதே டோன் வந்தால்தான் ஒலிபெருக்கி திறக்கும். டோனைத் திருப்பி அனுப்பாத ரிப்பீட்டரில் நீங்கள் பேசுவது பிறருக்குக் கேட்கும், உங்களுக்கோ எதுவும் கேட்காது. உள்ளூர் 2 மீட்டர் ரிப்பீட்டர்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றுக்குப் பெரும்பாலும் டூப்ளெக்ஸ் கழித்தல் குறி, ஆஃப்செட் 0.600 (கேட்கும் அலைவெண்ணைவிட 0.600 மெகாஹெர்ட்ஸ் குறைவாக அனுப்பும்). நிலையத்தின் சமிக்ஞை மெலிதாக வரும் என்பதால் ஸ்குவெல்ச்சை (மெலிந்த சமிக்ஞையையும் இரைச்சலையும் அடக்கும் அமைப்பை) 0-இல் வைத்துக் கேளுங்கள். 73 (நல்வாழ்த்துகள்).