குளுகோர் வீட்டுத் தோட்டத்தில் என்ன சத்தம்?

*குழு: நம்ம குடும்பம், பினாங்கு*

அத்தை: எல்லாரும் இதைக் கொஞ்சம் கேளுங்கள். மழை விட்டதிலிருந்து பின்பக்கத் தோட்டத்தில் 'ர்ர்ர்ர்' என்று விடாமல் ஒரு சத்தம்.
🎤 குரல் பதிவு 0:38

செல்வி: பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரா அத்தை?

அத்தை: இல்லைம்மா. கிட்டே போனால் நின்றுவிடுகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் ஆரம்பிக்கிறது.

தினேஷ்: புக்கிட் பெண்டேரா மலையில் கேட்போமே, அந்த ரியாங்-ரியாங் சிள்வண்டா?

பெரியப்பா: ரியாங்-ரியாங் மரத்தில் உட்கார்ந்து கத்தும். வயிற்றின் இரண்டு பக்கமும் இருக்கும் சவ்வை அதிர வைத்துச் சத்தம் எழுப்பும். சாந்தி, உனக்குச் சத்தம் மரத்திலிருந்து வருகிறதா, தரையிலிருந்தா?

அத்தை: தரைதான் அண்ணா. மாமரத்தடிப் புல்லில் விரல் தடிமனுக்கு மண் வரி வரியாகப் பொங்கியிருக்கிறது.
📷 படம்

பெரியப்பா: பிள்ளைப்பூச்சி! பொங்கிய மண்ணைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பா: ஆண் பூச்சிதான் பாடும். தன் வளையின் வாயை நாதஸ்வரத்தின் அணசு போல விரித்துக் கட்டிவிட்டு, உள்ளே இருந்துகொண்டு முன் இறக்கைகளை உரசும். வளையே ஒலிபெருக்கி. பிரான்சில் ஒரு வகை 600 மீட்டர் தூரத்துக்குக் கேட்டதாக பென்னட்-கிளார்க் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதியிருக்கிறார். நம் தோட்டத்தில் இருப்பது வேறு வகை, ஆனாலும் வளை கட்டிப் பாடுகிற வித்தை ஒன்றுதான்.

செல்வி: எதற்குப் பெரியப்பா அவ்வளவு சத்தம்?

பெரியப்பா: பெண் பூச்சி இருட்டில் பறந்து வரும். மேலே போகிறவளுக்குக் கேட்க வேண்டுமே! அவளுக்குக் காது இருப்பது முன்னங்காலில். மண் ஈரமாக இருந்தால் சத்தமும் கூடும். அதனால்தான் மழைக்குப் பிறகு இந்தக் கச்சேரி.

மாமா: பூச்சி மருந்து வாங்கி வைத்துவிட்டேன். காலையில் ஊற்றிவிடலாமா?

பெரியப்பா: வேண்டவே வேண்டாம் மாப்பிள்ளை. அது நம்மை ஒன்றும் செய்யாது, விஷமும் கிடையாது. மண்ணில் இருக்கும் புழுக்களையும் தின்னும், வேரையும் தின்னும். இளம் நாற்றுக்குத்தான் தொல்லை. மருந்து ஊற்றினால் மண்புழுவும் சேர்ந்து சாகும், விஷம் பட்ட பூச்சியை மைனா கொத்தினால் அதற்கும் ஆபத்து. என்ன பூச்சி என்று பார்க்காமலே மருந்து ஊற்றுகிற பழக்கம் நம் வீட்டில் வரக்கூடாது.

அத்தை: அப்போ என் வெண்டை நாற்று?

பெரியப்பா: தொட்டியில் வளர்த்து, தண்டு தடித்த பிறகு தரையில் நடு.

தினேஷ்: பெரியப்பா, அங்கே இன்னொரு சத்தமும் இருக்கிறது. போன வாரம் கறிவேப்பிலை மரத்தில் 'ட்ஸ்ஸ் ட்ஸ்ஸ்' என்று மெல்லிசாகக் கேட்டது. பக்கத்திலேயே நின்ற மாமா கேட்கவில்லை என்கிறார்.

மாமா: அப்படி எதுவும் எனக்குக் கேட்கவில்லையே.

பெரியப்பா: இருக்கும் மாப்பிள்ளை. இலை மாதிரியே பச்சையாக, நீண்ட உணர்கொம்போடு ஒரு வெட்டுக்கிளி உண்டு. அதில் பல வகைகள் 10,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே பாடும். வயது ஏற ஏற நம் காதில் முதலில் மங்குவது அந்த உயர்ந்த ஒலிதான். தினேஷ், இதை நீதான் தேட வேண்டும்.

தினேஷ்: கிட்டே போனால் இதுவும் நின்றுவிடுகிறதே.

பெரியப்பா: அசையாமல் நில், திரும்பப் பாடும். நீயும் செல்வியும் வெவ்வேறு மூலையில் நின்று சத்தம் வரும் பக்கம் கை காட்டுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் டார்ச் அடியுங்கள். படம் கிடைத்தாலும் சரி, ஒலி மட்டும் கிடைத்தாலும் சரி, ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடலாம். பூச்சி தெரிந்தவர்கள் அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

செல்வி: சனிக்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுகிறோம் அத்தை.

அத்தை: வாங்க வாங்க, சாப்பாடு இங்கேதான்.

மாமா: மருந்து டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை: யாரிடமாவது காலித் தொட்டி இருக்கிறதா?

செல்வி: என்னிடம் 4 இருக்கிறது. வரும்போது எடுத்து வருகிறேன்.