ஜூலையை நடுக்கோடை என்பது சரியா?

வானோக்கி:
ஜூலையை நடுக்கோடை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சூரியன் வடகோடிக்கு வருவது ஜூன் 21 வாக்கில். வட அரைக்கோளத்தில் மிக நீண்ட பகலும் அன்றுதான். ஜூலை பிறக்கும்போதே பகல் குறையத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஜூலை முதல் வாரத்தில்தான் பூமி சூரியனைவிட்டு மிகத் தள்ளி, சுமார் 15.2 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது.

மணல்மேடு:
தொலைவை இதில் இழுக்காதீர்கள். ஜனவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசம் 50 லட்சம் கி.மீ., அதாவது 3 சதவீதம் சொச்சம். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் 23.4 டிகிரி சாய்வு. ஜூன் 21 தாண்டியும் பல வாரங்களுக்கு நிலமும் கடலும் இழப்பதைவிட அதிக வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. செலவைவிட வரவு கூடுதலாக இருக்கும்வரை கையிருப்பு ஏறத்தானே செய்யும்? மழைக்காற்று முந்தி வந்து தணித்துவிடும் நாடுகளை விடுங்கள். வடக்கே பெரும்பாலான நிலப்பகுதிகளில் ஜூலைதான் கொதிக்கிற மாதம்.

தென்திசை:
இரண்டு பேரும் பாதி உலகத்தை மறந்துவிட்டீர்கள். தெற்கே ஜூலை கடுங்குளிர். அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது 1983 ஜூலை 21 அன்று. தரையில் கருவி வைத்து அளந்ததில் அதற்குக் கீழே இன்றுவரை போனதில்லை. இந்த மாதத்துக்குக் கோடை முத்திரை குத்தியது வடக்கத்திய பழக்கம். பெயரும் ரோமில் வைத்ததுதானே? குவின்டிலிஸ் என்று இருந்ததை, ஜூலியஸ் சீசர் பிறந்த மாதம் என்று கி.மு. 44இல் மாற்றினார்கள். (அவருக்காக ஒரு நாள் கூட்டினார்கள் என்பது கட்டுக்கதை. அதற்கு முன்பே அது 31 நாள் மாதம்தான்.)

வானோக்கி:
தென்திசை சொல்வதும் என் பக்கம்தான் பேசுகிறது. வெப்பத்தை அளவுகோலாக வைத்தால் ஊருக்கு ஊர் நடுக்கோடை மாறும். கடலோரங்கள் பலவற்றில் உச்சம் ஆகஸ்டில். சான் பிரான்சிஸ்கோவில் செப்டம்பர்! வானத்துக் கணக்குக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. வடக்கே ஜூன் 21, தெற்கே டிசம்பர் 21, அவ்வளவுதான்.

மணல்மேடு:
மாறினால் மாறட்டுமே. கோடை என்பது உடம்பில் படுகிற விஷயம். வானிலை ஆய்வாளர்களும் வடக்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டைத்தான் கோடையாகக் கொள்கிறார்கள். நடுவில் நிற்பது எது? பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பழைய நாள்காட்டியைத் தூக்கியெறிந்து புதிதாக வகுத்தபோது, ஜூன் 19 வாக்கில் தொடங்கிய மாதத்துக்கு அறுவடையின் பெயரைத்தான் வைத்தார்கள். வெப்பத்தின் பெயரைத் தாங்கிய தெர்மிடோர் தொடங்கியது ஜூலை 19 வாக்கில்.