‘சேஃப்கார்ட்ஸ்’: ‘இருப்பாய்வு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படுகிறதா என்று சர்வதேச அணுசக்தி முகமை சரிபார்ப்பதை அணுசக்தித் துறையில் ‘சேஃப்கார்ட்ஸ்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குக் ‘காப்பரண்’ போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டுப் போவதோ இன்னும் மோசம். விபத்தைத் தடுக்கும் சேஃப்டி, திருட்டையும் தாக்குதலையும் தடுக்கும் செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சர்வதேச அணுசக்தி முகமையின் சேஃப்கார்ட்ஸுக்கு உட்பட்டவை. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகள் உட்படாதவை. இதைப் ‘பாதுகாப்பின் கீழ் உள்ளவை, இல்லாதவை’ என்று எழுதினால், கூடங்குளம் உலைக்கு விபத்தே நேராது என்று வியன்னாவில் உள்ள அந்த முகமை உறுதி தந்திருப்பதாக இடிந்தகரைக்காரர் எண்ணுவார். கல்பாக்கத்துக்காரர் வீணாக அஞ்சுவார். கதிர்வீச்சுக் கசிவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மக்களின் உயிரைப் பற்றிய பேச்சில் இந்தக் குழப்பத்தை நாம் அனுமதிக்கக் கூடாது.

முகமை செய்வது கணக்குப் பார்ப்பது. ஒரு நாடு தன்னிடமுள்ள யுரேனியத்துக்கும் புளூட்டோனியத்துக்கும் கணக்குக் கொடுக்கிறது. ஆய்வாளர்கள் நேரில் சென்று ஏட்டையும் பொருளையும் ஒப்பிடுகிறார்கள். இரண்டு வருகைகளுக்கு இடையே யாரும் கை வைக்காதிருக்க, கொள்கலனில் கம்பி கோத்து முத்திரையிடுகிறார்கள். நாணயம் போன்ற சிறிய உலோக மூடி அது. அதன் உட்புறக் கீறல்களை முன்பே படமெடுத்து வைத்திருப்பார்கள். கழற்றிய பின் வியன்னாவுக்குக் கொண்டுபோய், அதே கீறல்கள்தானா என்று பார்ப்பார்கள். 8 கிலோ புளூட்டோனியம் இருந்தால் ஓர் அணுகுண்டு செய்துவிட வாய்ப்புண்டு என்பது முகமையின் அளவுகோல். அந்த அளவு காணாமல் போனால் காலம் கடக்குமுன் தெரிந்தாக வேண்டும்.

இதில் அரண் எங்கே இருக்கிறது? ஆய்வாளரால் யாரையும் தடுக்க முடியாது. 1992இல் வட கொரியா, தன் யோங்பியோன் அணு வளாகத்தில் ஒரே ஒரு முறைதான் புளூட்டோனியம் பிரித்தெடுத்ததாகச் சொன்னது. ஆய்வாளர்கள் எடுத்துவந்த மாதிரிகளோ பல முறை பிரித்ததைக் காட்டின. கணக்கு இடித்தது. மறு ஆண்டு மார்ச்சில், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அந்நாடு அறிவித்தது. முகமையால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆனால் பொய் பொய்யென்று உலகுக்குத் தெரிந்தது. ஆயுதக் கட்டுப்பாட்டில் இதைவிடப் பெரிய காரியம் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே ‘இருப்பாய்வு’ என்று முன்மொழிகிறேன். ரேஷன் கடையில் இருப்புப் பலகை பார்த்துப் பழகிய எவருக்கும் இது விளங்கும். இருப்பாய்வாளர், இருப்பாய்வு ஒப்பந்தம், இருப்பாய்வுக்கு உட்பட்ட உலை என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. ‘தணிக்கை’ என்றால் திரைப்படம் குறுக்கே வந்து நிற்கிறது. இலங்கையில் வழங்கும் ‘கணக்காய்வு’ நெருங்கி வரும் சொல். ஆனால் அது பணக்கணக்கிலேயே ஊன்றிவிட்டது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். ஈராக்கில் துவைதா அணு ஆய்வு வளாகத்துக்கு ஆய்வாளர்கள் முறையாகப் போய்வந்தார்கள்; கணக்கில் காட்டியவை சரியாகவே இருந்தன. கணக்கில் காட்டாத திட்டம் 1991 போருக்குப் பின்புதான் வெளிவந்தது. அதன் விளைவாக, முகமைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ‘கூடுதல் நெறிமுறை’ என்னும் துணை ஒப்பந்தம் 1997இல் பிறந்தது. அறிவிக்காத இடங்களையும் தேடும் வழிகள் விரிந்தன. அப்படியானால் ‘இருப்பு’ குறுகிய சொல்லாகாதா? ஆகாது. ஏட்டில் எழுதியது மட்டும் இருப்பல்ல. உள்ளபடி இருப்பதெல்லாம் இருப்புத்தான். கிடங்குக்குப் பின்னால் பதுக்கிய மூட்டையைத் தேடுவதும் இருப்பாய்வில் அடங்கும்.

கூடவே இன்னொன்று. அணுப்பொருளை மின்சாரத்துக்கென்று வாங்கி ஆயுதத்துக்குத் திருப்புவதைத் ‘திசைதிருப்பல்’ என்று பட்டியலில் வைத்திருக்கிறோம். அது கவனத்தைத் திருப்புவது போல ஒலிக்கிறது. நிதி விவகாரங்களில் ஏற்கெனவே புழங்கும் ‘மடைமாற்றம்’ இருக்கும்போது வேறு எதற்கு? ‘அணுப்பொருள் மடைமாற்றத்தை உரிய காலத்தில் கண்டறிவதே இருப்பாய்வின் நோக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.