விடுதி மாணவர்களுக்குத் துணி மாஸ்க்: எந்தத் துணி, எத்தனை அடுக்கு, எப்படித் துவைப்பது?

விடுதிக்குழு (கேள்வி, 2021 கொரோனா காலம்):
கொரோனாவால மூடியிருந்த கல்லூரிகளுக்கு 2021 பிப்ரவரி 8 முதல் எல்லா ஆண்டு மாணவர்களும் வரலாம்னு தமிழக அரசு அறிவிச்சிருக்கு. எங்க பல்கலைக்கழக விடுதியில 600 பேர். உள்ளூர் தையல்காரங்ககிட்ட துணி மாஸ்க் தைச்சுக் கொடுக்கலாம்னு இருக்கோம். பனியன் துணியில ஒரே அடுக்கு மாஸ்க் மலிவா வருது, அது போதுமா? விடுதியில வெந்நீர் இல்லை, எப்படித் துவைக்கிறது? மெஸ்ஸுக்கும் லேபுக்கும் தனி விதி வேணுமா?

தையல்மேசை:
பனியன் துணி வேண்டவே வேண்டாம். முகத்துல இழுபடும்போது கண்ணி விரிஞ்சு ஓட்டை பெருசாகும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன்ல சொன்ன மூணு அடுக்கையே தைங்க: உள்ளே ஈரம் உறிஞ்சுற பருத்தி, நடுவுல நான்-ஓவன் (நெய்யாத துணி, கடைப் பை தைக்கிற அதே பாலிபுரோப்பிலீன்), வெளியே ஈரம் சுலபமா இறங்காத பாலியஸ்டர் கலப்பு. உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் கலர்னு வச்சா யாரும் திருப்பிப் போட மாட்டாங்க.

ஒரு துண்டு 10×6 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில மீட்டருக்கு 18 துண்டு வரும். ஆளுக்கு 5 வீதம் 3,000 மாஸ்க். அடுக்குக்கு 167 மீட்டர், சேதாரம் சேர்த்து 175 வாங்குங்க. பருத்தியை வெட்டுறதுக்கு முன்னாடியே ஒருமுறை அலசிக் காய வைங்க. கஞ்சி இருந்தா மூச்சு முட்டும். தைச்ச பிறகு சுருங்கினா மூக்கு மூடாது.

மூக்குக் கம்பி 10 செ.மீ. அலுமினியப் பட்டையா இருக்கட்டும், இரும்புன்னா துருப்பிடிக்கும். ரெண்டு முனையையும் மடிச்சு உள்ளே வச்சுத் தைக்கணும், இல்லைன்னா துணியைக் குத்திக்கிட்டு வெளியே வந்துடும். கண்ணாடி போடுறவங்களுக்குப் பனி படியுதுன்னா மேல்பக்கம் காற்று கசியுதுன்னு அர்த்தம், கம்பியை அழுத்தி விடணும். எலாஸ்டிக் கொதிநீர்ல சீக்கிரம் தளர்ந்துடும். 16 அங்குல நாடா நாலு வச்சுத் தைங்க.

நுண்ணுயிர்த்துறை:
ஆளுக்கு 5 மாஸ்க் ஏன்னா, பகலுக்கு ரெண்டு வேணும். வேர்வையில நனைஞ்ச மாஸ்க்ல மூச்சு விடுறது கஷ்டம், மதியமே மாத்திடணும். மீதி காயும்.

வெந்நீர் இல்லைன்னா சாதாரணத் தண்ணியில சோப்பு போட்டுத் துவைச்சு, ஒரு நிமிஷம் கொதிக்க வச்சாப் போதும். அதுக்கும் வசதி இல்லைன்னா 0.1% குளோரின்: 5% திரவ பிளீச் 20 மி.லி., தண்ணி 980 மி.லி. ஒரு நிமிஷம் ஊறவச்சு, வாடை போற வரைக்கும் அலசணும். அந்தக் கரைசலோட கழிவறை ஆசிட் எதையும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். சூடான இஸ்திரிப் பெட்டி வச்சா நடு அடுக்கு உருகி ஒட்டிக்கும், அதனால இஸ்திரி வேண்டாம்.

ஆனா உங்க கவலை துணியைவிட மெஸ்ஸுல இருக்கணும். அங்கேதான் எல்லாரும் ஒரே நேரத்துல மாஸ்க்கைக் கழட்டிட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசுறாங்க. சென்னை ஐஐடியில 2020 டிசம்பர்ல நூத்துக்கும் மேல கொரோனா தொற்று வந்தப்போ மெஸ்ஸைத்தான் மூடினாங்க. பொட்டலம் கட்டி அறைக்கே கொடுங்க, முடியலைன்னா நேரம் பிரிச்சு, ஒரே திசை பார்த்து உட்கார வைங்க. கழட்டின மாஸ்க்கைத் தாடையில இறக்கி விடாம, காகித உறையில போடச் சொல்லுங்க.

வேதியியல் ஆய்வகம்:
லேபுக்குத் தனி விதி கண்டிப்பா வேணும். பர்னர் பக்கத்துல பாலியஸ்டரும் நான்-ஓவனும் உருகித் தோல்ல ஒட்டும். அந்த வகுப்புக்கு மட்டும் முழுப் பருத்தியில மூணு அடுக்கு, தனி நிறத்துல தைச்சு வைங்க. நாடா நுனி தொங்காம பின்னாடி முடிஞ்சிருக்கணும். அமில ஆவியையோ கரைப்பான் ஆவியையோ எந்தத் துணி மாஸ்க்கும் தடுக்காது, அதுக்கு ஃபியூம் ஹுட்தான் (ஆவியை உறிஞ்சி வெளியேத்துற லேப் கூண்டு). வால்வு வச்ச என்95 போட்டுட்டு வர்றவங்களை அனுமதிக்காதீங்க. விடுற மூச்சு வடிகட்டாமலே வெளியே போகுது.

தையல்மேசை:
ஆசிரியர்களுக்குக் காலர் மைக் ஏற்பாடு பண்ணுங்க, குரல் கேட்கலைன்னுதான் பலரும் மாஸ்க்கை இறக்குறாங்க. உதட்டசைவு பார்த்துப் பாடம் புரிஞ்சுக்கிற மாணவர் இருந்தா, அந்த வகுப்பு ஆசிரியருக்கு வாய்ப்பகுதியில கண்ணாடித்தாள் (உள்ளே தெரியுற பிளாஸ்டிக் தாள்) வச்ச மாஸ்க் தைக்கலாம். ஓரம் முழுக்கத் துணியோட சேர்த்துத் தைச்சு, பக்கவாட்டுல மூச்சு விடத் துணி விட்டிருக்கணும்.