பக்கவாதம் வம்சத்திலேயே இருக்கிறதா? – ‘மேலத்தெரு வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு

சித்தி: இன்று பிசியோதெரபி தம்பி வந்துபோனார். சித்தப்பா வலது கட்டைவிரலை ஆட்டினார். ஸ்பூனைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் நழுவிவிடுகிறது.

திருப்பூர் அண்ணன்: ஸ்பூன் எதற்கு சித்தி? சீட்டுக்கட்டைக் கொடுங்கள், பத்து விரலும் தானாக வேலை செய்யும் 😄

பெரியத்தை: _பல முறை பகிரப்பட்டது_
பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள்!! பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும்...

மதுரை அக்கா: அத்தை, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். ஊசி தேடுகிற நேரத்தில் 108ஐக் கூப்பிடலாம். அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சித்தப்பாவுக்குப் புறா ரத்தம் தடவலாமா என்று யோசித்தே பாதி நாளைப் போக்கினோம். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் வந்து சேருகிறார்கள்.

பெரியத்தை: சரி கண்ணு, அழித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு வந்தது. அண்ணனுக்கு வந்தது. இப்போது தம்பிக்கு. இது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. அடுத்து யாரோ?

நான்: எனக்கும் அதே யோசனைதான். ஒரு கம்பெனி விளம்பரம் வந்தது. டியூபில் எச்சில் துப்பி அனுப்பினால் ஸ்ட்ரோக் வருமா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். எட்டாயிரம் ரூபாய். போடலாமா அக்கா?

திருப்பூர் அண்ணன்: எட்டாயிரத்துக்கு எச்சிலா!

மதுரை அக்கா: பொறு. முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தாத்தாவுக்கு என்ன வயதில் வந்தது? பி.பி. இருந்ததா?

பெரியத்தை: 71. பி.பி. எல்லாம் யார் பார்த்தார்கள்? ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி.

மதுரை அக்கா: எங்கள் அப்பாவுக்கு 63. பி.பி. 180க்குக் கீழே இறங்கியதில்லை. மாத்திரை சாப்பிட்டால் ‘லோ’ ஆகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் நிறுத்தியிருந்தார். நான் நர்ஸ். டிபன் பாக்ஸ் மாதிரி மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைத் திறந்து பார்க்காமல் விட்டேன். போன பிறகு பார்த்தால் எல்லா அறையும் நிறைந்திருந்தது.

சித்தி: சித்தப்பாவுக்கு 57. சுகர் பன்னிரண்டு வருடம். பி.பி.யும் உண்டு. அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது.

மதுரை அக்கா: அதைத்தான் சொல்ல வந்தேன். தாத்தாவிடமிருந்து மரபணு மட்டுமா இறங்கி வந்தது? ஊறுகாய்ச் சாடியும் கருவாட்டுச் சட்டியும் சேர்ந்துதான் வந்தது.

நான்: அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

மதுரை அக்கா: இருக்கிறது. 2022இல் ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. ஸ்ட்ரோக் வந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரை, வராத 15 லட்சம் பேரோடு ஒப்பிட்டார்கள். நம் தெற்காசியர்களும் அதில் உண்டு. மரபணுவில் 89 இடங்களில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரலால் தள்ளுகிற அளவுதான். அதிலும் பல நேராக மூளையைத் தொடுவதில்லை. ஒன்று பி.பி.யை ஏற்றும், இன்னொன்று இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், அங்கே உறையும் ரத்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும்.

மதுரை அக்கா: இதைப் படிக்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது பெரியத்தை. படபடப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, ஈ.சி.ஜி. எடுத்தீர்களா?

பெரியத்தை: அது வாயு.

மதுரை அக்கா: வாயு என்று ஈ.சி.ஜி. சொல்லட்டும். திங்கட்கிழமை போகிறீர்கள்.

நான்: டெஸ்ட்?

மதுரை அக்கா: பிரிட்டனில் மூன்று லட்சத்து ஆறாயிரம் பேரை ஏழு வருடம் கவனித்து 2018இல் எழுதினார்கள். ஸ்ட்ரோக்கோடு தொடர்புள்ள மரபணு வித்தியாசங்களை எல்லாம் கூட்டி ஆளுக்கொரு மதிப்பெண் போட்டார்கள். அது கூடுதலாக இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட ஸ்ட்ரோக் ஆபத்து 35% அதிகம். புகை, பருமன், கண்டபடி சாப்பாடு, உடம்பை அசைக்காமல் இருப்பது, இந்தப் பக்கம் போனவர்களுக்கு, நல்ல பழக்கம் உள்ளவர்களைவிட 66% அதிகம். அவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள், அதே எண் நமக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பெண் கூடுதலாக வந்தால் நீ என்ன செய்வாய்? சிகரெட்டை விடுவாய், பி.பி. பார்ப்பாய். குறைவாக வந்தால்?

திருப்பூர் அண்ணன்: கொண்டாட ஒரு பாக்கெட் வாங்குவான்.

நான்: 🤐

மதுரை அக்கா: அந்தப் பணத்தில் கையில் கட்டிப் பார்க்கிற பி.பி. மெஷின் வாங்கினால் மிச்சமே வரும். வாங்கி மேலத்தெரு வீட்டில் வை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் கையை நீட்டட்டும்.

நான்: சரி. ஆனால் ஒரே மரபணுவால் ஸ்ட்ரோக் வருவது என்று உண்டா, இல்லையா?

மதுரை அக்கா: உண்டு, அபூர்வம். நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் இருக்கிற சிக்கிள் செல் நோயில், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற நோயில், சின்னக் குழந்தைக்கே பக்கவாதம் வரலாம். அப்புறம் கடாசில் என்று ஒன்று. 19ஆம் குரோமோசோமில் இருக்கிற நாட்ச்3 என்ற மரபணுவில் பிசகு. 1996இல் பிரான்ஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மூளையின் மிக மெல்லிய ரத்தக் குழாய்ச் சுவர்கள் கெட்டுப்போகும். அதில் நம் வீட்டுக் கதை போல இருக்காது. நாற்பதுகளிலேயே வரும், பலருக்கு பி.பி.யே இருக்காது, அதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு ஒற்றைத் தலைவலி.

திருப்பூர் அண்ணன்: நம் வீட்டில் தலைவலி வருவது லோன் வாங்கியவர்களுக்குத்தான். தப்பித்தோம்.

சின்ன அத்தை: எந்த மாதிரித் தலைவலி?

மதுரை அக்கா: சின்ன அத்தை! இவ்வளவு நேரம் படித்துக்கொண்டா இருந்தீர்கள்? தலைவலி வருவதற்கு முன்னால் சிலருக்குக் கண்ணில் ஏதாவது தெரியும்.

சின்ன அத்தை: உங்கள் மாமாவுக்கு வரும். கல்யாணமான புதிதிலிருந்தே. கண் முன்னால் வெள்ளையாகக் கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து ஓடுகிறது என்பார். அது நின்ற பிறகு தலைவலி. கதவைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்துக்கொள்வார். பித்தம் என்று நினைத்து நானும் வருஷக்கணக்காக எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன்.

சின்ன அத்தை: அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது 48 வயதில். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. பி.பி. இல்லை, சுகர் இல்லை. கடைக்குக் கண் பட்டுவிட்டது என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். அவருடைய அண்ணனுக்கு 44. அவர்கள் அம்மாவும் ஐம்பதைத் தாண்டியதும் பேச்சுக் குழறி, கடைசியில் என்னை யாரென்றே தெரியாமல் கேட்டார்கள்.

சித்தி: அடி ஆத்தா. இதை நீ சொன்னதே இல்லையே.

சின்ன அத்தை: யார் கேட்டார்கள் அண்ணி? எல்லோரும் நம் அப்பா, நம் அண்ணன் என்றே பேசுகிறோம்.

சின்ன அத்தை: 🚫 _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

மதுரை அக்கா: பார்த்துவிட்டேன் அத்தை. நீக்கியது நல்லதுதான்.

பெரியத்தை: என்ன நீக்கினாள்? எனக்குத் தெரியவில்லையே.

திருப்பூர் அண்ணன்: பெரியத்தை, மெஷின் வாங்கப் போகிறோம், பங்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று பேச்சு.

மதுரை அக்கா: சின்ன அத்தை, நான் டாக்டர் இல்லை. பெயர் வைக்கிற வேலை என்னுடையது இல்லை. இதே மாதிரி வேறு காரணத்தாலும் வரும். ஆனால் இந்தக் கதையை ஒரு நரம்பியல் டாக்டர் முதலிலிருந்து கேட்க வேண்டும். முதலில் மாமா மட்டும். பரிசோதனை என்று வந்தால் நோய் வந்தவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். மாமாவுக்கு அது இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே எழாது.

சின்ன அத்தை: இருந்தால்?

மதுரை அக்கா: இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதிதான். பார்ப்பதா வேண்டாமா என்று வயது வந்தவர்கள் அவரவரே முடிவு செய்யலாம், அதற்கு முன்னால் உட்கார வைத்து விளக்கிச் சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். நீங்களோ, வரன் பார்க்க வருகிறவர்களோ முடிவு செய்கிற விஷயம் இல்லை. மாமாவின் எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறதா?

சின்ன அத்தை: பீரோ மேலே மஞ்சப்பையில் கிடக்கிறது. அதை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

மதுரை அக்கா: பையோடு எடுத்து வையுங்கள், படத்தை மடித்துவிடாதீர்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே வேண்டாம். டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

சின்ன அத்தை: எட்டு மணிக்கு மகள் வீட்டில் இருப்பாள். ஒன்பதரைக்குக் கூப்பிடு.