திருவிழா கலைநிகழ்ச்சிக்கு வர்ற பாடகர் ட்ராக்க போட்டுட்டு வாயசைக்கலாமா? உங்க கருத்து வேணும்

செம்பனைக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், ரோட்டு போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும் ஆனா எங்க ஆளுங்க வாயில இன்னும் பழைய பேர்தான். எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிஞ்ச கையோட திடல்ல மேடை போட்டு கலைநிகழ்ச்சி வைப்போம், தோட்டத்த விட்டு கிள்ளான், ஷா ஆலம்னு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு போயிட்ட குடும்பங்க கூட அன்னிக்கு புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வந்துரும். இந்த தடவ கோலாலம்பூர்லேருந்து ஓரளவு பேர் வாங்குன ஒரு பாடகர கூப்பிடலாம்னு பேச்சு, பேர் இங்க வேணாம். அவரு மேனேஜர் நேராவே சொல்லிட்டாரு, பாட்டு பூரா குரலோட சேத்து ட்ராக்ல இருக்கும், நீங்க ப்ளே பண்ணா போதும், அண்ணன் ஆடிக்கிட்டே வாயசைப்பாருன்னு.

கமிட்டில இப்ப ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்லுது ஜனங்க ஆள பாக்கத்தான் வர்றாங்க, போட்டோ எடுத்தா போதும் அவங்களுக்கு. இன்னொரு கட்சி, நானும் அதுலதான் இருக்கேன், ரசீது புக்க தூக்கிக்கிட்டு வீடு வீடா போய் வாங்குன நன்கொடை காசு, ரப்பர் பால்மரம் வெட்டி ஓய்ஞ்ச பாட்டிங்க கூட பத்து வெள்ளி குடுத்துருக்காங்க, அத எடுத்து பாடாத பாட்டுக்கு எப்படி குடுக்கறது? நோட்டீஸ்ல வேற 'நேரடி இசை விருந்து'ன்னு அடிக்க சொல்றாங்க. எங்க ஊரு பசங்க பேண்ட் ஒன்னு இருக்கு, உண்மையாவே வாசிக்கிறானுங்க, அவனுங்களுக்கு பெட்ரோல் காசுதான் ஒதுக்கியிருக்கு. என்ன செய்யலாம் சொல்லுங்க.

மின்னல்ரசிகை:
தம்பி, விட்டுக்குடுக்காதீங்க. உறுமி மேளம் அடிக்கிற நம்ம பசங்கள பாருங்க, தைப்பூசத்துக்கு பத்துமலையில காவடிக்கு முன்னால நடந்துக்கிட்டே, வெயில்ல வேர்த்து ஊத்த ஊத்த, தொண்டை கட்டுற வரைக்கும் பாடுறாங்களே, அவங்களுக்கு எந்த ட்ராக்கு? எஸ்பிபி ஐயா எழுபது வயசு தாண்டியும் மேடைல நின்னு பாடுனவரு, மேல் ஸ்தாயில கொஞ்சம் குரல் எட்டலன்னாலும் ஜனங்க கூடவே பாடி தாங்குனாங்களே தவிர யாரும் குறை சொல்லல. பாட்டுல ஒரு எடம் தட்டுனாலும் அது நம்ம முன்னால நடந்ததுதானே, அதுக்குத்தான் வர்றோம்.

வெளிநாட்டுல மில்லி வானில்லின்னு ரெண்டு பேர் பாப் பாட்டு ஜோடி இருந்தாங்க, 1989ல அமெரிக்காவுல ஒரு மேடைல ட்ராக் சிக்கிக்கிட்டு ஒரே வரி திரும்ப திரும்ப ஓட ஆரம்பிச்சு, அவங்க மேடைய விட்டே ஓடுனாங்க. அப்புறம் தெரிஞ்சது ரெக்கார்டுல இருந்த குரலே அவங்களோடது இல்லன்னு. 1990ல குடுத்த கிராமி விருத அதே வருஷம் திருப்பி வாங்கிட்டாங்க. வேலை செஞ்சது ஒருத்தர், மாலை வாங்குனது வேற ஒருத்தர். எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது.

கிள்ளான்காரன்77:
காசு வாங்குனா பாடணும். அவ்ளோதான் லா.

தாமான்தமிழன்:
அக்கா சொல்றது சரிதான் ஆனா ஒன்னு யோசிங்க, நம்ம சினிமா பூராவுமே வாயசைப்புதானே. பாகவதர், பி.யு. சின்னப்பா காலத்துல நடிச்சவங்களே பாடுனாங்க, அப்புறம் பின்னணி பாடகர் வந்தாங்க, எம்ஜிஆரும் சிவாஜியும் வாயசைச்சா டிஎம்எஸ் குரல் வரும், நாம யாரும் ஏமாந்துட்டோம்னு சொல்லலியே?

மின்னல்ரசிகை:
ஏன் சொல்லலன்னா டிஎம்எஸ் பேரு டைட்டில்ல வருது, ரேடியோல பாட்டு போடும்போது அவரு பேரத்தான் மொதல்ல சொல்றாங்க, ஊருக்கே தெரியும் யார் பாடுனதுன்னு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல நடந்தது வேற. மேடைல நின்னது 9 வயசு லின் மியாவ்கே, பாடுனது 7 வயசு யாங் பெய்யி. பாடுன புள்ளை முகம் டிவிக்கு பத்தலன்னு உள்ள வச்சுட்டாங்க, விழா முடிஞ்சு இசை இயக்குநரே வெளிய சொன்ன பிறகுதான் உலகத்துக்கு தெரிஞ்சது. சின்னப் புள்ளைங்க ரெண்டையும் அப்படி செஞ்சிருக்கக் கூடாது. மறைக்கிறதுதான் தப்பு தாமான் தம்பி.

மைக்செட்காரன்:
நான் இந்த தொழில்ல இருக்கேன், கோவில், கல்யாணம், டேவான் (பொது மண்டபம்), தமிழ்ப்பள்ளி நிதி விருந்துன்னு எல்லாத்துக்கும் செட் போட்டுருக்கேன். எல்லாரும் பாடகரையே திட்டுறீங்க, ஏற்பாட்டாளருங்கள யாரும் கேக்கறதில்ல. தோட்டத்து திடல்ல பெரும்பாலும் என்ன நடக்குது தெரியுமா, பெரிய ஸ்பீக்கர ஜனங்கள பாத்து அடுக்குவாங்க, மேடை மேல மானிட்டர், அதான் பாடுறவர பாத்து வைக்கிற ஸ்பீக்கர், ஒன்னு கூட இருக்காது, பாடுறவருக்கு தன் குரலே கேக்காது. அவர் காதுக்கு வர்றது எதிர்ல இருக்கற டேவான் சுவத்துல பட்டு திரும்புற சத்தம். சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், சுவர் 50 மீட்டர் தள்ளி இருந்தா போய் திரும்பி வர கிட்டத்தட்ட 0.3 செகண்ட் ஆயிரும், அந்த எதிரொலிய கேட்டுக்கிட்டு தாளத்துல பாடுறது எவ்ளோ பெரிய வித்வானுக்கும் கஷ்டம். மானிட்டர் இல்லன்னு கத்தி பாடுவாரு, சவுண்ட்ட ஏத்துவோம், மைக் கீயுன்னு கத்தும், ஜனங்க காத பொத்திக்குவாங்க. இத பத்து ஊருல அனுபவிச்ச பாடகர் பதினோராவது ஊருக்கு ட்ராக்கோடதான் வருவாரு. சவுண்ட் செக் கேட்டா பூஜை நேரம்னு சொல்வாங்க, ஜென்செட் (ஜெனரேட்டர்) வேற லைட்டுக்கும் சவுண்டுக்கும் சேத்து ஒன்னேதான்.

அதுக்காக குரலோட உள்ள ட்ராக்க போடலாம்னு நான் சொல்லல. ட்ராக்ல பல வகை இருக்கு. மினஸ் ஒன்னுன்னா இசை மட்டும், குரல் நேரடி, எங்க தொழில்ல பாதி நிகழ்ச்சி இப்படித்தான், இது ஏமாத்து இல்ல. அடுத்தது கோரஸ் மட்டும் ட்ராக்ல வர்றது, ஐரோப்பாவுல நடக்கற யூரோவிஷன் பாட்டுப் போட்டில கூட 2021லேருந்து பின்குரல் ரெக்கார்டுல வரலாம்னு விட்டுட்டாங்க, ஆனா முன்குரல், அதான் முக்கிய பாடகர் குரல், நேரடியாத்தான் பாடணும். அப்புறம் முன்குரலையும் கீழ சன்னமா ஓடவிட்டு அதுமேல பாடறது. கடைசியா முழு வாயசைப்பு, மைக் ஆஃப்ல இருக்கும். உங்க மேனேஜர் சொல்றது இந்த கடைசி வகை.

பெரிய பெரிய ஆளுங்க கூட செஞ்சிருக்காங்க, அதுக்கு காரணம் இருந்துச்சு. 2006ல டூரின் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல இத்தாலி ஓபரா பாடகர் பவரோட்டி பாடுனது முன்னாலயே பதிவு பண்ணது, குளிரு ஒரு பக்கம், உடம்பு வேற ரொம்ப முடியல, அடுத்த வருஷம் இறந்தே போயிட்டாரு. 2009ல ஒபாமா பதவியேற்புல செல்லோ வாசிக்கிற யோ யோ மா, வயலின் வாசிக்கிற பெர்ல்மன் எல்லாம் உண்மையாவே வாசிச்சாங்க, ஆனா அந்த குளிர்ல தந்தி சுருதி நிக்காதுன்னு ஜனங்களுக்கு கேட்டது பதிவுதான். பத்தாங் பெர்ஜுந்தையில என்ன பனியா கொட்டுது?

ஆடிப்பாடும்கலை:
நான் கல்யாண மேடைல பாடுறவ, கொஞ்சம் ஆடவும் செய்வேன். குதிச்சு ஆடும்போது மூச்சு வாங்கும், குரல் நடுங்கும், அது யாருக்கும் நடக்கறதுதான். அதனால ஆட்டப் பாட்டுல சரணம் மட்டும் நின்னு பாடுவேன், இடையிசை வரும்போது ஆடுவேன், ஜனங்க கோவிச்சுக்கிட்டதே இல்ல. அமெரிக்க பாடகி பியோன்சே 2013ல ஒபாமாவோட ரெண்டாவது பதவியேற்புல தேசிய கீதத்த முன்பதிவோட பாடுனாங்கன்னு பேச்சு கிளம்புச்சு, கொஞ்ச நாள்ல சூப்பர் பவுல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டத்துக்கு முன்னால பத்திரிகைக்காரங்க கூட்டத்துல எல்லாரையும் எழுந்து நிக்க சொல்லி அங்கயே நேரா பாடி காட்டிட்டு, ஆமா அன்னிக்கு ட்ராக்தான், ஆர்க்கெஸ்ட்ராவோட ஒத்திகை பாக்க நேரமில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. பாடத் தெரிஞ்சவங்களுக்கு அந்த தைரியம் இருக்கும். உங்க பாடகர ரெண்டே பாட்டு மினஸ் ஒன்னுல பாட சொல்லி கேளுங்க, மறுத்தா உங்களுக்கே புரிஞ்சிரும்.

செம்பனைக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. மைக்செட் அண்ணே, நீங்க சொன்ன மானிட்டர் விஷயம் எங்க கமிட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப மேனேஜர்கிட்ட எப்படி எழுதி கேக்கறது, என்னென்ன போடணும்?

மைக்செட்காரன்:
தம்பி, ஒப்பந்தத்துல தெளிவா எழுதுங்க, முன்குரல் எல்லா பாட்டுக்கும் நேரடி, இசையும் கோரஸும் ட்ராக்ல வரலாம், ஃபைல் வரும்போது முன்குரல் இல்லாத மினஸ் ஒன்தான் வரணும், நிகழ்ச்சிக்கு ரெண்டு நாள் முன்னாலயே எங்க சவுண்ட்காரர் கைக்கு வந்துரணும்னு. பதிலுக்கு நீங்க குடுக்க வேண்டியதையும் எழுதுங்க, மேடைல ரெண்டு மானிட்டர், சாயங்காலம் பூஜைக்கு முன்னால ஒரு மணி நேரம் சவுண்ட் செக், சவுண்டுக்கு தனி ஜென்செட். இதுக்கும் அவரு ஒத்துக்கலன்னா அந்த காசுல பாதிய உங்க ஊரு பேண்ட் பசங்களுக்கு குடுத்து அவனுங்களையே மெயின் ஐட்டமா போடுங்க. நோட்டீஸ் அச்சுக்கு போறதுக்கு முன்னால முடிவு பண்ணிருங்க. மானிட்டர் ரெண்டு என்கிட்ட சும்மாத்தான் கெடக்கு, வாடகை வேணாம், லோரி செலவு மட்டும் பாத்துக்குங்க, தேதிய பிஎம் பண்ணுங்க.