புதுப்பிப்பு: ராட்டினக் குதிரையின் இடப்பக்கம்

அமெரிக்க ராட்டினக் குதிரைகளை ஒரே மரத்துண்டில் செதுக்கினார்கள் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். தவறு, திருத்திக்கொள்கிறேன். பாஸ்வுட் என்ற மரத்தின் பலகைகளைப் பசையால் ஒட்டி, உள்ளே வெற்றிடம் விட்டுப் பெட்டி போல உடலைச் செய்வார்கள். எடை குறையும், மரமும் எளிதில் வெடிக்காது. தலையும் கால்களும் தனியே செதுக்கிப் பொருத்தியவை. பல குதிரைகளுக்கு வால் மட்டும் நிஜக் குதிரைமுடி!

அப்புறம், அந்தக் குதிரைகளின் இடப்பக்கம் ஏன் எளிமையாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ராட்டினம் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றும். வெளியே நிற்பவர் பார்ப்பது வலப்பக்கத்தை. அதனால் பூவும் கண்ணாடிக் கற்களும் அந்தப் பக்கம்தான். இங்கிலாந்தில் வலஞ்சுழி, அதனால் அலங்காரம் இடப்பக்கம்.

மார்கஸ் இல்லியன்ஸ் செதுக்கிய குதிரைகளின் பறக்கும் பிடரிமயிரை அவசியம் பாருங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் யூதத் தொழுகைக்கூடங்களுக்குச் சிங்கம் செதுக்கிய அதே கை.